ஒன்பது ஆறுக்கு வரும் வெயில்

மிட்வைஃப் மிஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தை தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராக் கதவின் பின்புறம் ஒட்டி வைத்திருந்தோம். அண்ணி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏதாவது சாப்பிட வேண்டும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும், ஆனால் தவறக் கூடாது. அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை வயிற்றில் தங்கிய பிறகு சீனி வியாதியும் கூடவே வந்து தங்கிவிட்டது. காலையும் மாலையும் ஊசி. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடும். ஒருநாள் பீலியடியில் தண்ணீருக்கு வரிசையில் நின்று நேரமாகிப்போய், குடத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்துக் காம்பரா ஆட்கள் வாயில் சீனியைப் போட்டு எழுப்பினார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. அன்றிலிருந்து நான் அந்தக் காகிதத்தை வேதமாக எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் 2019 டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை சூரிய கிரகணம் என்று தெரிந்தபோது, அம்மா போட்ட சட்டம் என்னைக் கொதிக்க வைத்தது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. கிரகணம் விட்டு, தலைக்கு ஊற்றி, புதிதாக உலை வைத்து இறக்கிய பிறகுதான் சாப்பாடு. கணக்குப் பார்த்தால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் நிற்கும். பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிற டீச்சர் வேறு. யாராவது கிரகணத்தைப் பற்றி ஏறுமாறாகப் பேசினால் கையில் சோக்கட்டி இல்லாமலே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். சந்திரன், நிழல், சுற்றுப்பாதை எல்லாவற்றையும் அடுப்படியில் ஒரு ரொட்டியையும் ஊறுகாய்க்கு வைத்திருந்த ஒரு தேசிக்காயையும் வைத்து அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தேசிக்காயை என் கையிலிருந்து வாங்கி டப்பாவில் போட்டாள்.

"எல்லாம் சரி புள்ள. நீ வயித்துல புள்ளய வச்சிருக்கப்ப ஒன் இஷ்டத்துக்குச் சாப்புடு. இப்ப இவ என் பொறுப்பு."

"அண்ணிக்கு மயக்கம் வந்தா?"

"நான் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன்."

கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அம்மாகிட்ட சண்டை போடாத, அண்ணியையும் பசியில விட்றாத" என்றான். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று கேட்பதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான். அண்ணனின் வீரம் எப்போதும் இந்த அளவுதான்.

அண்ணியோ வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், நீங்க மாமிகிட்ட பாடம் நடத்துறீங்க. ஒரு தடவையாவது கேள்வி கேட்டிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று சாயந்தரமே கேட்டேன். "கெரகணத்துல என்னாதாம்மா ஆகாது?"

அம்மா யோசித்தாள். இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை போலும். "அந்த வெயில் ஆகாது. புள்ளத்தாச்சி மேல படக் கூடாது. ஆக்கி வச்ச சோத்து மேல, தண்ணி மேல படக் கூடாது. அது கெட்ட வெயில்."

"வெயில் படாட்டி?"

"படாட்டி ஒண்ணுமில்ல."

நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய நீளக் கட்டிடம், மலையின் காலடியில் இருக்கிறது. வட்டகொடை ஸ்டேஷனில் ஏழு மணிக்கே வெயில் விழுந்துவிடும். எங்கள் லயத்துக்கு மலை முதுகைத் தாண்டி வர வெகுநேரமாகும். கிரகணம் எட்டு மணிக்குப் பிடித்தாலும் அந்தச் சூரியன் அப்போது மலைக்குப் பின்னால்தான் நிற்கும். "அப்ப நம்ம வாசலுக்கு வெயில் வர்ற வரைக்கும் அண்ணி சாப்புடலாம்தானே?" என்றேன்.

அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எத்தன மணிக்கு வரும்னு நிமிசக் கணக்கா சொல்லு. ஒரு நிமிசம் பிசகக் கூடாது. அப்பறம் யோசிப்போம்."

அவள் நினைத்தது, என்னால் சொல்ல முடியாது என்று. நான் நினைத்தது, இது எனக்கு ஒரு மணி நேர வேலை என்று. இரண்டு பேருமே ஏமாந்தோம்.

கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிற வளைவில்தான் போனில் இன்டர்நெட் கிடைக்கும். பாடசாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வளைவின் மதிலில் உட்கார்ந்தேன். வரைபடத்தில் எங்கள் தோட்டம் ஒரு பச்சைத் திட்டு. தார் ரோட்டைத் தாண்டினால் லயமும் இல்லை, கோயிலும் இல்லை, நாலு தலைமுறை நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையும் இல்லை. எங்கள் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்துதான் பழக்கம். வரைபடமும் ஆபீஸ் வரைக்கும்தான் வந்திருந்தது. வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பெரிதாக்கி, தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தேடி, பக்கத்து வீட்டு நீலத் தண்ணீர்த் தாங்கியை வைத்து எங்கள் லயத்தைக் கண்டுபிடித்தேன். அதன் தலையில் ஒரு புள்ளியைக் குத்தினேன். அந்தப் புள்ளிக்குரிய அகலாங்கு நெட்டாங்கைக் கொடுத்ததும் கிரகண வரைபடம் எங்கள் காம்பராவுக்கென்றே நேரம் சொன்னது. எட்டு பத்து வாக்கில் பிடித்து, ஒன்பதரைக்கு மேல் உச்சத்துக்குப் போய், பதினொன்று இருபது வாக்கில் விட்டுவிடும். இந்த லயத்துக்கென்று யாராவது தனியாக நேரம் குறித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது மலை. செய்மதியிலிருந்து அளந்த உயரத் தரவை இறக்கி, லயத்திலிருந்து சூரியன் வருகிற திசைக்கு ஒரு கோடு இழுத்து, மலையை வெட்டிப் பார்ப்பதுபோல் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் வரையச் சொல்லித் தலையில் குட்டுகிற அதே படம்தான். லயத்துக்கும் மலை உச்சிக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், சூரியன் எத்தனை பாகை ஏறினால் உச்சியைத் தாண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். கிரகணத்தன்று எட்டு நாற்பத்தெட்டு என்று வந்தது. மறுநாளுக்கே சோதித்துப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சவால் விட்டேன். மறுநாளுக்குக் கணக்கு எட்டு நாற்பத்தைந்து.

அம்மா சுவரிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன். எட்டு நாற்பத்தைந்து ஆனது. வெயில் இல்லை. ஐம்பது ஆனது. எதிர்மலை முழுக்கத் தகதகவென்று இருந்தது. எங்கள் வாசல் ஈரமும் நிழலுமாகக் கிடந்தது. ஒன்பதைத் தாண்டி மூன்று நிமிடத்துக்குத்தான் முதல் வெயில் காலில் பட்டது.

"பதினெட்டு நிமிசம்" என்றாள் அம்மா. மணிக்கூட்டைத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினாள். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று முழுக்க மடிக்கணினியோடு மல்லுக்கு நின்றேன். புள்ளி சரி, திசை சரி, பாகை சரி. பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அண்ணி என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம மலையா? மொட்டையா இருக்கே."

"மொட்டையாத்தான் வரும் அண்ணி. இது உயரம் மட்டும்தான்."

"அப்ப அந்த மரமெல்லாம் எங்க போச்சு? நான் கல்யாணமாகி வந்தப்ப எட்டே முக்காலுக்கெல்லாம் கொடியில வெயில் விழும். இப்ப ஒம்பதுக்கு முன்னாடி துணி காயப்போட்டு ஒரு பிரயோசனமும் இல்ல. மரம் வளர வளர வெயில் பிந்திக்கிட்டே போகுது."

தோட்டத்தார் விறகுக்காக உச்சியில் யூகலிப்டஸ் நட்டிருந்தார்கள். நான் இறக்கிய தரவோ இருபது வருடப் பழையது. செய்மதி அளந்துவிட்டுப் போன பிறகு முளைத்த மரங்கள் அவை. தினமும் அதே மலையைப் பார்த்துத் தலை சீவுகிற எனக்கு, திரையில் இல்லாதது கண்ணிலும் படவில்லை. அண்ணி ஏழு வருடமாகத் துணி உலர்த்தியே என் கணக்கைத் திருத்தி வைத்திருந்தாள்.

அந்த நல்ல செய்தியை அம்மாவிடம் சொல்லப் போனேன். அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். "மரத்தோட உயரத்தையும் சேத்துட்டா கணக்கு சரியா வந்துரும், நீங்க வேணும்னா…" என்று தொடங்கினேன். அம்மா தலையைத் தூக்காமல் பேசினாள்.

"ஒங்கண்ணனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பொம்பளப் புள்ள. ரெண்டு மாசம் வயித்துல இருக்கப்ப கெரகணம். அந்தி நேரம். கங்காணிகிட்ட லீவு கேட்டேன். ரெண்டு மாசம்னா வெளிய என்னா தெரியும், அவரு நம்பல. ஆளு பத்தாத நாளு. மலைக்குப் போனேன். கொழுந்து எடுக்கையில வெயில் நல்லா முதுகுல பட்டுச்சு." மாவை உருட்டினாள். "பொறந்தப்ப மேலொதடு ரெண்டா இருந்துச்சு. உள்ளயும் பொளந்திருந்துச்சு. பால் சப்ப வராது, குடிச்சதும் மூக்கு வழியா வந்துரும். பஞ்சுல தொட்டுத் தொட்டு ஊத்தினேன். நாப்பத்தியோரு நாள்."

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஒரு அக்கா இருந்தது தெரிய வருகிறது. அது கிரகணத்தால் வருவதில்லை அம்மா, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். "ஒனக்குப் படிப்பு இருக்கு" என்றாள் அம்மா. கேலியாகச் சொல்லவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதுபோல, அவளுக்குப் பயன்படாத ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏன் போனேன்னு ஒங்கப்பா ஒரு வார்த்த கேக்கல. கேக்காட்டி? எனக்குத் தெரியுமில்ல."

அன்றோடு எனக்கு அம்மாவை ஜெயிக்கிற ஆசை போய்விட்டது. மரத்தின் உயரத்தை அதன் நிழலை வைத்து அளந்தேன். அதைச் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். அடுத்த இரண்டு காலையும் அம்மா மணிக்கூட்டோடு உட்கார்ந்தாள். ஒன்பது நாலு என்றால் ஒன்பது நாலுக்கு வெயில் வந்தது, ஐந்து என்றால் ஐந்துக்கு வந்தது. கிரகணத்தன்று ஒன்பது ஆறு. அம்மா இறங்கி வந்தாள். எட்டரைக்கு அண்ணி ரொட்டியும் பருப்பும் சாப்பிடலாம். ஒன்பதுக்குக் கதவு சாத்த வேண்டும். பதினொன்றரைக்குச் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு மறுபடி சாப்பாடு. சரியாக மூன்று மணி நேரம். மிட்வைஃப் மிஸ்ஸின் காகிதத்துக்கும் அம்மாவின் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வழி கிடைத்துவிட்டது. எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

அந்தக் காலை பளிச்சென்று விடிந்தது, பனிமூட்டம் கொஞ்சமும் இல்லை. எட்டரைக்கு அண்ணி இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். அம்மா மூன்றாவதையும் வைத்தாள். ஒன்பதுக்கு அண்ணியை உள்காம்பராவில் படுக்க வைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தோம். நானும் அம்மாவும் இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். லயம் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. சொன்னபடி ஒன்பது ஆறுக்கு வெயில் வந்தது. ஆனால் அது வழக்கமான வெயில் இல்லை, சோகை பிடித்ததுபோல் வெளுத்திருந்தது. குளிர் மறுபடி ஏறியது.

பத்து இருபது நிமிடம் போயிருக்கும். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "டீச்சர், கொஞ்சம் உள்ள வாங்களேன்."

குரல் சாதாரணமாக இல்லை. மயக்கம்தான் என்று நினைத்துச் சீனிப் போத்தலோடு ஓடினேன். அண்ணி மல்லாந்து படுத்திருந்தாள். அசையாமல் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வயிற்றின் மேல், சேலையின் மேல், பாயின் மேல், பிறை பிறையாகப் பத்துப் பன்னிரண்டு சூரியன்கள் விழுந்து கிடந்தன.

எங்கள் தகரக் கூரையில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. மழைக்கு ஒழுகும் இடங்களை மட்டும் அடைத்திருந்தோம். மற்றவற்றை யாரும் கண்டுகொண்டதில்லை. வீட்டை எவ்வளவு இருட்டாக்கினோமோ அவ்வளவு தெளிவாக ஒவ்வொரு ஓட்டையும் கிரகணச் சூரியனைப் படம் பிடித்து உள்ளே இறக்கியிருந்தது. லீவு விடுவதற்கு முந்தின வாரம்தான் அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டுக் கிரகணத்தைத் தரையில் பார்ப்பது எப்படி என்று வகுப்பில் படிப்பித்திருந்தேன். மலையை அளந்தேன், மரத்தை அளந்தேன், என் தலைக்கு மேலிருந்த கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை.

"இது என்னா?" அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"சூரியன்தாம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. இரண்டு கையாலும் அண்ணியின் வயிற்றை மூடினாள். பிறைகள் அவள் புறங்கையில் ஏறிக்கொண்டன. கையை நகர்த்தினால் வேறு இடத்தில் விழுந்தன. வெயில் படாவிட்டால் ஒன்றுமில்லை என்ற பேச்சை வைத்துத்தானே நான் ஜெயித்தேன். அந்த வெயில் கெட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரிதானே. இப்போது அது வயிற்றிலேயே விழுந்துவிட்டது.

"மாமி, பரவால்ல. பட்டது பட்டுருச்சு, விடுங்க" என்றாள் அண்ணி.

அம்மா விடவில்லை. பாயில் முட்டி போட்டு, அண்ணிக்கு மேலாகக் குனிந்து, கூரைக்குத் தன் முதுகைக் கொடுத்தாள். பிறைகள் எல்லாம் அவள் சட்டையின் முதுகில் போய் விழுந்தன. நான் மழைக்கு மூடுகிற தறப்பாளைத் தேடி எடுத்து, ஏணியை வைத்துக் கூரையில் ஏறினேன். ஊரே கதவடைத்துக் கிடந்த கிரகண வேளையில், ஒரு புவியியல் டீச்சர் தகரத்தின் மேல் தவழ்ந்து தறப்பாள் விரித்து மூலைக்கு மூலை கல் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளாகக் காத்திருந்த கிரகணத்தை நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இறங்கி வந்து, இனி ஒரு புள்ளி வெளிச்சமும் வராது என்று சொன்ன பிறகும் அம்மா முதுகை எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கித்தான் நிமிர்த்தினோம்.

அதற்குப் பிறகு அந்தக் காலையைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அண்ணி காகிதப்படி சாப்பிட்டாள், ஊசி போட்டுக்கொண்டாள். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய், வழக்கத்துக்கு மேல் நேரம் நின்றாள். வெளியே கிளம்பும்போதும் திரும்பும்போதும் அண்ணியின் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பாள். ஏழாம் மாதத்தில் உதடெல்லாம் எப்போதோ கூடியிருக்கும், வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். வேறு எந்தக் காரணத்தாலாவது அந்தப் பிள்ளைக்கு ஒரு குறை வந்துவிட்டால், அம்மா அந்தப் பிறைகளைத்தான் நினைப்பாள். அவள் இன்னொரு நாற்பது வருடம் அதைச் சுமக்க முடியாது.

பெப்ரவரி கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண். பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் விட்டதும் அம்மா எங்களை எல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். அண்ணி துணியை விலக்கிக் காட்டினாள். அம்மா கண்ணையோ மூக்கையோ பார்க்கவில்லை. குனிந்து மேலுதட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுண்டுவிரலைச் சேலையில் துடைத்து, பிள்ளையின் வாய்க்குள் மெதுவாக விட்டு, மேல் அண்ணத்தைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை அந்த விரலைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியது.

"பலமா சப்புது" என்றாள் அம்மா.

"ஆமா மாமி, பொறந்ததுலருந்து பால்தான்" என்று சிரித்தாள் அண்ணி.

அம்மா சிரிக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"வெயில் இவ மேலயும் பட்டுச்சுதானே?"

"பட்டுச்சும்மா."

"நல்லாத்தானே பட்டுச்சு?"

"நல்லாப் பட்டுச்சு."

பிள்ளை இன்னும் அவள் விரலை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அப்ப அன்னைக்கு நான் மலைக்குப் போனதுனால இல்ல" என்றாள்.